வயலுக்கு ஒரு கோமணம்

ஏன் மாப்ளே, உன் வயலை என்ன, கருவாடு காயப்போடவா விட்டு வெச்சிருக்கே? தை மாசம் அறுப்பு முடிஞ்சதுலேர்ந்து வெடிச்சுக் கெடக்கு. வெடிப்புல கால விட்டா மொழங்கால் வரைக்கும் போகுது. நீ மட்டும் தலையில தொப்பி, கண்ணுல கூலிங்கிளாஸ். சோறு போடுற நெலம் பங்குனி வெயில்ல அம்மணமா கெடக்கு. அதுக்கு ஒரு கோமணம் கட்டிவிட உனக்கு மனசு வரல.

கோவிச்சுக்காத, மாமன்தானே கேக்குறேன். போன அறுப்புல அந்த வயல்லேர்ந்து என்னென்ன வெளிய போச்சு, சொல்லு பாப்போம். நெல்லு கொள்முதல் நிலையத்துக்குப் போச்சு. வைக்கோலை மெஷின விட்டுக் கட்டுக்கட்டா உருட்டி லாரியில ஏத்திட்ட. ராமநாதபுரத்துக் கீதாரி ஆட்டுக் கிடை போடட்டுமான்னு வந்து கேட்டாரு; அவர்கிட்ட பேரம் பேசியே அடுத்த ஊருக்கு அனுப்பிவெச்ச. சரி, உள்ள என்ன போட்ட? யூரியா. அதுவும் கடையில "இந்த டப்பாவையும் சேத்து எடுத்துக்குங்க சார்"னதும், எதுக்குன்னுகூடக் கேக்காம வாங்கிட்டு வந்துட்ட. "சார்"னா போதும் உனக்கு.

பசுந்தாள் ஒரத்துக்குத் தக்கைப்பூண்டு போடுடா. ஏக்கருக்கு 20 கிலோ. கோடை மழை ஒண்ணு விழுந்ததும் ஒரு ஓட்டு ஓட்டி விசிறிடு. மழை ஏமாத்துனா பம்புசெட்டு இருக்கு, ரெண்டு தண்ணி காட்டு. அப்புறம் அந்தப் பக்கமே போகவேணாம். அதை உனக்குச் சொல்லியா குடுக்கணும்? உவர் பூத்த எடத்துலயும் வரும், தண்ணி தேங்குனாலும் சாகாது. சித்திரை நடுவுல வெதச்சா வைகாசி கடைசியில இடுப்பு ஒசரம் நிக்கும். மேட்டூரை ஜூன் 12ல தொறந்தா குறுவைக்குக் கணக்கா இருக்கும். தொறக்கலேன்னா சம்பாவுக்கு வெச்சுக்க, வெதப்பைத் தள்ளிப்போடு.

"யூரியா மூட்டை 266 ரூபா 50 காசு. நீங்க சொல்ற விதை வாங்குற காசுக்கு எத்தனை மூட்டை வரும் தெரியுமா மாமா?"ன்னு டீக்கடையில நாலு பேரு முன்னாடி என்னை மடக்குனியே. படிச்ச புள்ள, கணக்குல தப்பில்ல. 45 கிலோ மூட்டையில நூத்துக்கு 46 பங்கு தழைச்சத்து, கிட்டத்தட்ட 21 கிலோ. நல்லா வந்த தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 30 கிலோ குடுக்கும். காத்துலேர்ந்து கொஞ்சம் புடிக்கும், அடிமண்ணுலேர்ந்து கொஞ்சம் உறிஞ்சி மேல கொண்டாரும். ஆக ஒன்றரை மூட்டை. காசுக்குக் காசு பாத்தா யூரியாதான் ஜெயிக்கும், ஏன்னா மூட்டையோட நெச வெலையில பெரும்பங்கை அரசாங்கம் கட்டுது. ஆனா மண்புழு யூரியா திங்காது மாப்ளே. அதுக்குத் தழை வேணும். தழை மக்குனாத்தான் உன் களிமண்ணு பொலபொலன்னு ஒடையும், தண்ணி கீழ எறங்கும், நீ கொட்டுற யூரியாவும் வாய்க்காலோட ஓடாம நாலு நாள் வயல்ல தங்கும்.

காத்துலேர்ந்து எப்படிப் புடிக்கும்னு சிரிக்கிற. ஒரு மாசத்துச் செடி ஒண்ணை மம்பட்டியால தோண்டி எடு. கையால புடுங்காத, முடிச்செல்லாம் அறுந்து மண்ணுலயே நின்னுடும். வேரைத் தண்ணியில அலசுனா கடுகளவு, மொளகளவு முடிச்சு ஒட்டிக்கிட்டிருக்கும். ஒண்ணை நகத்தால கீறிப் பாரு. உள்ள செவப்பா இருந்தா வேலை நடக்குது. வெள்ளையா இருந்தா, சும்மா ஒக்காந்து சம்பளம் வாங்குது. எந்த ஆபீசுலன்னு நான் சொல்லல. புதுசா போடுற நெலத்துல அப்படி ஆகும். அதனால ரைசோபியம் பாக்கெட்டை ஆறுன கஞ்சியில கலக்கி, விதையைப் பெரட்டி, நெழல்ல ஒலத்தி விசிறு. மணிலா அகத்தின்னு ஒண்ணு இருக்கு, அதுக்குத் தண்டுலயும் முடிச்சு உண்டு. வேலைக்காரப் புள்ள.

கஷ்டமெல்லாம் மடக்கி உழுற அன்னிக்குத்தான். 45ஆம் நாள் பூ எட்டிப் பாக்கும். நீ வரப்புல நின்னுக்கிட்டு, "பச்சப்பசேல்னு நிக்குதே மாமா, இன்னும் பத்து நாள் இருக்கட்டுமே"ம்பே. ரெண்டு செல்ஃபி வேற எடுப்பே. உங்கம்மா, அதான் எங்கக்கா, அருவாளோட வந்து "பாதிய அறுத்து ஆட்டுக்குப் போடுறேன்"ம்பா. ரெண்டு பேரு பேச்சையும் கேக்காத. பத்து நாள் விட்டா தண்டு வெறகாயிடும். வெறகு மக்கறதுக்கு மண்ணுல இருக்குற தழைச்சத்தையே இழுத்துக்கும். நட்ட நாத்து மஞ்சளடிச்சு நிக்கும். தண்ணி கட்டி, டிராக்டருக்குக் கேஜ் வீலை மாட்டி மிதிச்சு வுடச் சொல்லு. ஒரு வாரம், பத்து நாள் அழுகட்டும். நாத்தம் கொடலைப் புடுங்கும். அந்த நாள்ல மட்டும் மாமியார் வீட்டுக்குப் போயிடு, அங்க அவங்க சமாளிச்சுக்குவாங்க.

மேட்டுக்கொல்லைக்குத் தக்கைப்பூண்டு வேணாம், கொளுஞ்சி போடு. விதை தோலு கெட்டி. மணலோட தேச்சுப் போட்டாத்தான் மொளைக்கும். ஆடு மாடு மோந்து பாத்துட்டுப் போயிடும், வாய் வைக்காது. காய் வெடிச்சுச் செதறி அடுத்த வருசம் தன்னால வரும். உன் மச்சினன் மானாவாரி பூமி வெச்சிருக்கானே, அவன்கிட்ட மட்டும் இதையெல்லாம் அளந்துக்கிட்டிருக்காத. வருசத்துக்கு ரெண்டு மழை பாக்குற எடத்துல, இருக்குற ஈரத்தை இதுவே குடிச்சிட்டா கடலைக்கு என்ன பண்ணுவான்? இயற்கை வெவசாயம் சொன்ன நம்மாழ்வார் ஊர் ஊராப் போயி பலதானியம் வெதைக்கச் சொன்னாரு; தஞ்சாவூர் ஜில்லா, இளங்காட்டுக்காரரு. அவரு வீடியோவுக்கு நீ லைக் போட்டிருக்கே, பாத்தேன். கொல்லையில ஒண்ணும் போட்டதாத் தெரியல.

விதைக்கு எங்க போறதுன்னு இழுக்காத. 2024ல "மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்"னு திட்டம் கொண்டாந்து பசுந்தாள் விதையை மானியத்துல குடுத்தாங்க. இப்ப இருப்பு இருக்கான்னு வேளாண்மை ஆபீசுல கேளு. இல்லேன்னா நம்ம வீட்டுக்கு வா. மடக்கி உழும்போது வரப்போரம் ஒரு பட்டம் விட்டு முத்த வெச்சு அடிச்சது, பரண்ல ரெண்டு மூட்டை கெடக்கு. கடை வெலைதான். பணத்தை மட்டும் கையோட கொண்டாந்துடு. மானியமெல்லாம் ஆபீசுலதான், மாமன்கிட்ட கெடையாது.