கூம்புக்குள் மயாமி

ஜூன் 1 அன்று சூறாவளிக் காலம் பிறந்தால் மயாமி தொலைக்காட்சி நிலையங்களுக்குக் கல்யாண சீசன்தான். நவம்பர் 30 வரை பந்தல் பிரிக்கமாட்டார்கள். ஆப்பிரிக்கக் கரையோரம் ஒரு மேகம் லேசாக முறைத்தால் போதும், திரையின் அடியில் சிவப்புப் பட்டை ஓட ஆரம்பித்துவிடும். தேசியச் சூறாவளி மையம் வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் அறிக்கை தரும். நடுவில் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பேச வேண்டுமே!

உடனே ஒரு நிருபரைக் கடற்கரைக்கு அனுப்புகிறார்கள். மழைக்கோட்டு படபடக்க, "யாரும் வெளியே வராதீர்கள்" என்று வெளியே நின்று கத்துகிறார். அவருக்குப் பின்னால் ஒருவர் நாயைப் பிடித்துக்கொண்டு சாவகாசமாக நடந்து போகிறார்.

ஸ்டூடியோவில் வரைபடமும், அதன்மேல் புயல் போகக்கூடிய பாதையைக் காட்டும் கூம்பும். புயலின் மையம் சுமார் மூன்றில் இரண்டு தடவை அதற்குள் போகும் என்பதுதான் கூம்பின் கணக்கு. காற்றும் வெள்ளமும் எவ்வளவு தூரம் பரவும் என்பதை அது காட்டுவதில்லை. கூம்பின் கோட்டுக்கு ஒரு தெரு வெளியே குடியிருப்பவரோ தப்பித்தோம் என்று காலை நீட்டிப் படுத்துவிடுகிறார்.

1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ சூறாவளி தாக்கியபோது, மயாமி தொலைக்காட்சி வானிலையாளர் பிரையன் நார்கிராஸ் 23 மணி நேரம் தொடர்ந்து பேசினார். கரண்ட் போன வீடுகளில் ஜனங்கள் வானொலி வழியாக அவர் குரலைக் கேட்டு, மெத்தையோடு உள்ளறையில் பதுங்கினார்கள். இன்றைய நிலையங்கள் அவரிடமிருந்து அந்த 23 மணி நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டன. இடையிடையே ஜெனரேட்டர் விளம்பரம்.