தேடல் பெட்டிக்குப் புதுப் பட்டாதாரர்

மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்குப் பழையசீவரம் மலைக்கு எழுந்தருளுவார். எத்தனை மணிக்கு என்று பார்க்க அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் கம்ப்யூட்டரைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தின ராத்திரிதான் அது தானாக 'அப்டேட்' ஆகியிருக்கிறது. வழக்கமான தேடல் பக்கத்தைக் காணோம். பேர் தெரியாத ஒன்று முளைத்து, மூட்டுவலித் தைலமும் சிங்கப்பூர் டிக்கெட்டும் கூவிக் கூவி விற்கிறது. பெருமாளைப் பற்றி அதற்கு ஒரு தகவலும் தெரியவில்லை.

அடுத்த வீட்டுப் பையன் வந்து கேட்கும் முதல் கேள்வி: "பெரியப்பா, நீங்க எதையாவது அமுக்கிட்டீங்களா?"

திருடு போன வீட்டில் நிற்கிறவனிடம் 'நீ ஏன்யா வீடு கட்டினாய்?' என்று விசாரிப்பதற்குப் பெயர்தான் இங்கே தொழில்நுட்ப உதவி. கேச் கிளியர் பண்ணு, குக்கீயை அழி, ரீஸ்டார்ட் பண்ணு, அழித்துவிட்டு மறுபடி போடு. அத்தனையும் உபயோகிப்பவர் தலையில். தேடல் பெட்டியை மாற்றியவன் யார் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. அது கோளாறே இல்லை ஐயா, விற்பனை. உங்கள் வீட்டுத் திண்ணைக்கு ராத்திரியோடு ராத்திரியாகப் பட்டா மாற்றியிருக்கிறார்கள்.

அரசுத் தளங்கள் பல, மின்னணுக் கையொப்பம் போடவும் டெண்டர் போடவும் ஜாவா என்ற மென்பொருள் இல்லாமல் நகராத காலம் ஒன்று இருந்தது. ஜாவாவில் ஓட்டை விழுந்துகொண்டே இருக்கும். அடைக்க அப்டேட் வந்துகொண்டே இருக்கும். அந்தப் பாதுகாப்பு அப்டேட்டோடு 'ஆஸ்க் டூல்பார்' என்றொரு சாமானைச் சேர்த்து அனுப்பினார்கள். சம்மதக் கட்டத்தில் டிக் அவர்களே போட்டுவைத்திருப்பார்கள். அவசரத்தில் 'அடுத்து, அடுத்து' என்று தட்டியவர்களின் தேடல் பெட்டி கைமாறியது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு: ஜாவா ஏறி முடிந்து பத்து நிமிஷம் கழித்துத்தான் டூல்பார் மெல்ல ஏறும். சந்தேகப்பட்டு உடனே தேடிப் பார்த்தால் அகப்படாது. பூட்டுப் போட வந்த ஆசாரி சாவியின் அச்சை எடுத்துக்கொண்டு போன கதை. கம்பெனியின் பெயர் ஆரக்கிள். இதற்காக அங்கே யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. 2015-இல் ஆஸ்க்கை விட்டுவிட்டு யாகூவோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள்.

பெரிய இடத்து நியாயம் இன்னும் ருசியானது. 2006-இல் மைக்ரோசாப்ட், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 7-இல் தன் தேடலையே முதலில் வைத்தது. பொறுக்காத கூகுள், பயனாளிக்குத் தேர்வு வேண்டாமா என்று அமெரிக்க நீதித்துறை வரை போய் முறையிட்டது. அதே நேரம் கம்ப்யூட்டர் விற்கும் கம்பெனிகளோடு பேசி, தன் டூல்பாரைப் புதுப் பெட்டிகளிலேயே ஏற்றவும் ஏற்பாடு நடந்தது. அந்த டூல்பாரைக் கவனித்துக்கொண்டவர் நம்ம மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. 2008-இல் சொந்த உலாவியாகக் குரோமே வந்துவிட்டது. தேர்வுக்காகக் கண்ணீர் விட்ட அதே கூகுள், பிறர் போன்களிலும் உலாவிகளிலும் முதல் இடம் பிடிக்க 2021 ஒரே வருஷத்தில் கொட்டிக் கொடுத்தது 2,630 கோடி டாலர். நீதிமன்றத்தில் வெளிவந்த கணக்கு இது. சட்டவிரோத ஏகபோகம் என்று 2024 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னவர் குஜராத்தில் பிறந்த நீதிபதி அமித் மேத்தா. 2025 செப்டம்பரில் அவரே தண்டனையை அளந்தபோது, பிரத்தியேக ஒப்பந்தம் கூடாது, ஆனால் முதல் இடத்துக்குக் காசு கொடுக்கலாம் என்றார். சாராயக் கடையை மூடச் சொல்லவில்லை, பின்வாசலைப் பூட்டச் சொன்னார்.

பழையசீவரத்துக்காரருக்கு அப்டேட் என்றால் என்னவென்று தெரியாது என்று நினைப்பவர்கள், ஒருநடை உத்திரமேரூர் போய்வரலாம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துத் தேர்தல் விதிகள் இருக்கின்றன. 919-இல் ஒரு பதிப்பு. அதில் குறை கண்டார்கள். 921-இல் திருத்திய பதிப்பு. சபை உறுப்பினருக்கு வயது 30 முதல் 60 என்றிருந்ததை 35 முதல் 70 ஆக்கினார்கள். எதை மாற்றினோம் என்பதைக் கல்லில் வெட்டிப் பொதுச் சுவரில் வைத்தார்கள். பெயர் எழுதிய ஓலைகள் போட்ட குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டி, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவனை விட்டு ஓலை எடுக்கச் சொன்னார்கள். வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து வாங்க வேண்டும். நம் காலத்துக் குடத்தைப் பாருங்கள்: ஓலை எல்லாவற்றிலும் ஒரே பெயர், குடத்துக்கு வாடகை டாலரில், மாற்றக் குறிப்பு கேட்டால் 'பிழைத் திருத்தங்களும் செயல்திறன் மேம்பாடுகளும்' என்று ஒரு வரி. கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் சேர்த்தே போட்டியிலிருந்து விலக்கியது அந்தச் சபை. அந்த விதியை இன்று பிடித்தால் கலிபோர்னியாவில் பாதித் தெரு காலியாகும்.

தேர்வு கொடுக்கவே முடியாதா என்றால், முடியும். ஐரோப்பாவில் 2024 மார்ச்சிலிருந்து புதுச் சட்டத்துக்குப் பயந்து தேர்வுத் திரை காட்டுகிறார்கள். விண்டோஸில் மைக்ரோசாப்டின் எட்ஜ் உலாவியைக் கழற்றி எறியலாம். ஸ்டார்ட் மெனுத் தேடல் உங்கள் விருப்ப உலாவிக்கே போகும். நமக்கோ ஸ்டார்ட் மெனுவில் எதைத் தட்டினாலும் எட்ஜ், எட்ஜுக்குள் அதே கம்பெனியின் பிங் தேடல். நம் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு வழக்கில் 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்ட பிறகுதான் புதுப் போன்களில் தேடுபொறியைத் தேர்ந்தெடுக்கும் திரை தருகிறோம் என்றது கூகுள். கம்ப்யூட்டர்காரன் கதி அப்படியே.

பெரியவர் தன் தேடல் பெட்டியைத் திரும்பப் பிடுங்கட்டும். உலாவியின் அமைப்புகளில் 'தேடுபொறி' பகுதியில் வேண்டியதை வைத்து, அந்நியப் பெயரை நீக்க வேண்டும். பிறகு நீட்டிப்புகள் பட்டியல்: தான் போடாத எதையும் தூக்கிப் போடலாம், முக்கால்வாசித் திருடன் அங்கேதான் ஒண்டியிருப்பான். 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று ஒரு வரி தெரிந்தால் உஷார். ரெண்டு கறவை மாடு மட்டும் வைத்திருப்பவருக்கு எந்த நிறுவனம்? ஏதோ தீய மென்பொருள் பூட்டுப் போட்டிருக்கலாம் என்று அர்த்தம். அதை முதலில் ஒழிக்காமல் அமைப்பை எத்தனை தரம் மாற்றினாலும் பழையபடி வந்து நிற்கும்.

எல்லாம் முடித்து நிமிர்ந்தால் ஒரு பலகை வரும்: பரிந்துரைக்கப்பட்ட அமைப்புகளுக்குத் திரும்பலாமா? நீல நிறத்தில் கொழுகொழுவென்று 'ஆம்'. பக்கத்தில் சோகை பிடித்த எழுத்தில் 'இப்போது வேண்டாம்'. 'எப்போதும் வேண்டாம்' என்று ஒரு பொத்தான் வைக்க அந்தக் கம்பெனிகளில் இன்னும் எஞ்சினியர் கிடைக்கவில்லை.