கேட்க விடாத ரசிகர்கள்

ஜாஸ் ரசிகர்கள் நாலு பேர் ஓர் அறையில் கூடினால் அங்கே ஜாஸ் கேட்காது. நாலு பேரின் குரல்தான் கேட்கும்.

எங்கள் கோஷ்டி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறது. ஆளுக்கு ஓர் இசைத்தட்டு கொண்டுவர வேண்டும். ஏன் பிடிக்கும் என்று ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போட்டுக்காட்ட வேண்டும். இதுதான் ஏற்பாடு. அந்த ரெண்டு வார்த்தையை முள் தட்டைத் தொடுவதற்குள் முடித்தவர் இதுவரை யாருமில்லை.

மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வைக் கொண்டுவந்தால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஊருக்கே பிடித்த தட்டு. ஆகவே கௌரவக் குறைச்சல். அதைக் கொண்டுவர ஒரே வழி, அதிலுள்ள கோளாறைக் கொண்டுவருவது. எங்கள் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் அதில் கைதேர்ந்தவர். 1959 மார்ச் 2 அன்று, நியூயார்க் 30-ஆவது தெருவில், முன்பு தேவாலயமாக இருந்த கொலம்பியா ஸ்டுடியோவில் பதிவு நடந்தபோது டேப் மெஷின் ஒரு நூல் மெதுவாக ஓடிவிட்டது. மெதுவாகப் பிடித்ததைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறத்தானே செய்யும்? முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் அப்படியே உலகமெல்லாம் விற்றுப்போயின. ஏப்ரல் 22-இல் பதிவான இரண்டாம் பக்கம் தப்பித்தது. 1992 மறுபதிப்பில்தான் வேகத்தைச் சரிசெய்தார்கள்.

மேலாளரிடம் பழையதும் உண்டு, திருத்தியதும் உண்டு. அதை அரை நிமிடம், இதை அரை நிமிடம், மறுபடி அதை.

"வித்தியாசம் தெரியுதா சார்?"

"நல்லாத் தெரியுது சார்."

தெரியவில்லை என்றால் இன்னொரு தடவை போடுவார். 'ஸோ வாட்'டில் ஜான் கோல்ட்ரேன் சாக்ஸபோனை வாயில் வைக்கும் கட்டம் வரைக்கும் எங்கள் கூட்டத்தில் அந்த உருப்படி ஓடியதே கிடையாது.

அடுத்தவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். பில் எவன்ஸ் பைத்தியம். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் எவன்ஸ் குழு வாசித்தது 'வால்ட்ஸ் ஃபார் டெபி' உள்பட இரண்டு தட்டுகளாக வந்தது. வந்திருந்தவர்கள் பேசுவதும் சிரிப்பதும் கிளாஸ் இடிபடுவதும் அதில் சேர்ந்தே பதிவாகியிருக்கின்றன. பியானோ ஓடும்போது நாம் என்ன வேண்டுமானாலும் பேசலாம், மருந்துக்கடைக்காரர் கண்டுகொள்ள மாட்டார். திடீரென்று கையைத் தூக்குவார்: "ஷ்ஷ்! இப்ப கிளாஸ் சத்தம் வரும், கேளுங்க." எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிளாஸ் சத்தம் கேட்போம்.

அன்று பாஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ, பதினோராம் நாள் கார் விபத்தில் இறந்துபோனார். வயது 25. அப்பேர்ப்பட்ட வாசிப்பின்போது அரட்டையடித்த மகானுபாவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவோம், அடுத்த உருப்படி ஓடிக்கொண்டிருக்கும்போதே.

எங்கள் வீட்டில் கூடிய மாதம் நான் டேவ் ப்ரூபெக் குழுவின் 'டேக் ஃபைவ்' போட்டேன். எழுதியவர் ப்ரூபெக் அல்ல, அவர் குழுவின் சாக்ஸபோன்காரர் பால் டெஸ்மண்ட். அதன் ராயல்டியை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு உயில் எழுதிவிட்டுப் போன புண்ணியவான் என்று நான் பேசிக்கொண்டிருக்கும்போது, காபித் தட்டோடு வந்த அத்தை அப்படியே நின்றுவிட்டார். தட்டை மேஜையில் வைத்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டார். நாலு சுற்று போயிருக்கும்.

"ஏன்டா, கண்ட சாப்பைத் தலைகீழாப் போட்டு வச்சிருக்கான்? தக தகிட இல்லையே, தகிட தகன்னுல்ல போகுது!"

ஐந்துக்கு நாலு தாளக்கட்டைப் பற்றி ஒரு சொற்பொழிவே தயார் செய்துகொண்டு வந்திருந்த மேலாளர் குறிப்புத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஜோ மொரெல்லோவின் டிரம்ஸ் வந்தது. "தனியா?" என்று கேட்டார் அத்தை. தனி ஆவர்த்தனம் என்றால் சபாவில் பாதிப் பேர் கேன்டீனுக்குக் கிளம்பிவிடுவார்கள். அத்தை அசையவில்லை. கடைசி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்குப் பயந்து நாங்களும் பேசவில்லை. காபி ஆறிப்போயிற்று.

எங்கள் கோஷ்டியில் ஓர் உருப்படி முழுசாக ஓடியது அன்றைக்குத்தான். முடிந்ததும் மேலாளர் கேட்டார்: "இது மோனோவா, ஸ்டீரியோவா?"

புதிதாக ஜாஸ் கேட்க நினைப்பவர்கள் தாராளமாகக் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'விலேயே ஆரம்பிக்கலாம். 1992-க்கு முந்தியதா பிந்தியதா என்றெல்லாம் பார்க்க வேண்டாம். எங்களை மட்டும் கூப்பிடாதீர்கள்.