மாமியிடம் தோற்ற ஜெசிக்கா

நெட்ஃபிளிக்ஸில் 2015 நவம்பரில் வந்த ‘ஜெசிக்கா ஜோன்ஸ்’ தொடரின் முதல் அத்தியாயத்தைப் பார்க்கும் யாழ்ப்பாணத்தாருக்கு வருவது பயமல்ல, பரிதாபம். நாயகி நியூயோர்க்கில் தனியார் துப்பறிவாளர். ஓடப் பார்க்கும் காரைக் கையால் தூக்கி நிறுத்துகிற பலசாலி. அப்படிப்பட்டவர் ஊரார் கள்ளக் காதலைப் படம்பிடிக்க இரவிரவாகக் கமராவோடு காத்துக் கிடக்கிறார். இங்கே அந்த வேலையை ஒழுங்கை முடக்கு மாமி முற்றம் கூட்டியபடியே முடித்துவிடுவா. கட்டணமும் கிடையாது.

கொக்குவிலில் ஒரு கலியாணம் பேசிப் பாருங்கள். மாப்பிள்ளை ரொறன்ரோவில் யாரோடு கோப்பி குடித்தவர் என்ற தகவல், சாதகம் பொருந்த முன்னமே வந்து சேரும். கிடுகு வேலி போய் மதில் வந்துவிட்டது. வேலிப் பொட்டு வாட்ஸ்அப்பில் பத்திரமாக இருக்கிறது.

தொடரின் வில்லன் கில்கிரேவ் சொன்னால் எவரும் மறுபேச்சின்றிச் செய்வார்களாம். அந்த வேடத்தில் டேவிட் டெனன்ட் நன்றாகத்தான் மிரட்டுகிறார். ஆனால் கில்கிரேவ் விலகிப்போனால் அரை நாளில் வசியம் தெளிந்துவிடும். நம்மிடம் ‘சனம் என்ன கதைக்கும்’ என்றொரு வில்லன் உண்டு. கடன்பட்டுப் பெரிய மண்டபம் எடுக்க வைப்பான், விருப்பமில்லாத பிள்ளையை மருத்துவம் படிக்க வைப்பான். கடல் தாண்டி லண்டன் போனாலும் வசியம் தெளியாது.

பதின்மூன்றாம் அத்தியாயத்தில் ஜெசிக்கா கில்கிரேவின் கழுத்தை முறித்துக் கதையை முடிக்கிறார். கொடுத்துவைத்தவர். அவருடைய வில்லனுக்குக் கழுத்து இருந்தது.