வால்வு அண்ணா

இசைக்குழுவில் எல்லோரும் இவரை ‘வால்வு அண்ணா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாரநாளில் ஓ.எம்.ஆரில் கம்ப்யூட்டர் வேலை. சனி, ஞாயிறானால் கல்யாண வரவேற்பிலும் ஹோட்டல் பாரிலும் கிடார். கீபோர்டுக்காரர் முதுகில் ஒரு பையோடு பைக்கில் வந்து இறங்குவார். அண்ணா குட்டி யானை வண்டி பிடித்து வருவார். கிடார் ஓரமாகக் கிடக்கும். நடுவே போர்வை சுற்றி, கயிறு கட்டி, சகல மரியாதையோடும் வீற்றிருப்பது அவருடைய ஆம்ப், அதாவது கிடாரின் ஆம்ப்ளிஃபையர்.

தாத்தா வீட்டு ரேடியோ போட்டதும் பாடாது. உள்ளே கண்ணாடிக் குழாய்கள் சிவந்து சூடான பிறகுதான் இலங்கை வானொலி வாய் திறக்கும். அந்த வால்வேதான் இந்த ஆம்ப்புக்குள்ளும் இருப்பது. ட்ரான்சிஸ்டர் வந்து அதை வீட்டைவிட்டுத் துரத்திய பிறகும் கிடார்காரர்கள் மட்டும் விடவில்லை. காரணம் இருக்கிறது. வால்வைச் சக்திக்கு மேல் முடுக்கினால் ஒலி பட்டென்று உடையாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கரகரக்கும். 1962இல் ஜிம் மார்ஷலின் லண்டன் கடையில், ஃபெண்டர் பாஸ்மேன் என்ற ஆம்ப்பைப் பார்த்து முதல் மார்ஷல் ஆம்ப்பைச் செய்தார்கள். ராக் இசையில் பாதி அந்தக் கரகரப்பின் புண்ணியம்.

ஆனால் கடையில் கிடைக்கும் ஃபெண்டரும் மார்ஷலும் அண்ணாவுக்கு ஆகாது. அவருடையது அமெரிக்காவில் யாரோ ஒருவர் தன் வீட்டு கராஜில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஒயரையும் கையால் பற்றவைத்துச் செய்தது. அங்கிருந்து ஊருக்கு வந்த மச்சானின் பெட்டியில் துணிமணியைக் குறைக்கச் சொல்லி வரவழைத்தார். அங்கே 120 வோல்ட், நமக்கு 230. அதற்கு ஒரு ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர். மண்டபத்தில் ஜெனரேட்டர் மாறும்போது கரண்ட் துள்ளும் என்று ஒரு ஸ்டெபிலைசர். ஆம்ப்பைத் தூக்க ஒரு ஆள், இவற்றைத் தூக்க இன்னொரு ஆள்.

அவரிடம் புராணமும் உண்டு. கலிபோர்னியாவில் டம்பிள் என்றொருவர் மொத்தமே சில நூறு ஆம்ப்தான் செய்தாராம். யாரும் காப்பியடிக்கக் கூடாதென்று உள்ளே பிசின் ஊற்றி மூடினாராம். 2022இல் அவர் போன பிறகு விலை எங்கேயோ போய்விட்டதாம். அத்தனையும் நிஜம்தான். கென் ஃபிஷர் என்பவர் தன் ட்ரெயின்ரெக் ஆம்ப்புகளுக்கு நம்பர் போடாமல் பெண் பெயர் வைத்தார் என்பதும் நிஜம். நம் அண்ணாவும் வைத்தார். வேறு பெண் பெயர் என்றால் வீட்டில் வம்பு என்று குலதெய்வத்தின் பெயரை வைத்துவிட்டார்: அங்காளம்மா. வெள்ளிக்கிழமை அதைத் துடைத்துவைப்பதை இப்போது யாரும் குறை சொல்வதில்லை.

உக்ரைன் போர் தொடங்கியபோது ஊரே சூரியகாந்தி எண்ணெய் விலையைப் பேசியது. அண்ணா மட்டும் வால்வு விலையைப் பேசினார். கிடார் ஆம்ப் வால்வு செய்யும் பெரிய ஆலைகள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒன்று ரஷ்யாவின் சரத்தோவில் இருக்கிறது. அங்கிருந்து இனி சரக்கு வராது என்று செய்தி பரவிய அன்றே ஈஎல்84 வால்வு நான்கு ஜோடி வாங்கிப் பீரோவில் நகைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

இனி மேடை. மைக் செட் தம்பி கேட்பான்.

“அண்ணா, இது எத்தனை வாட்?”

“பதினெட்டு.”

“எங்க வீட்டு ட்யூப்லைட்டே நாப்பதுண்ணா!”

அண்ணா சிரித்துக்கொண்டே ஸ்டாண்ட்பை சுவிட்சைத் தட்டி, கிடாரில் ஒரு கார்டு மீட்டுவார். முன்வரிசைப் பெரியவர் காதிலிருந்து மெஷினைக் கழற்றுவார். பந்தியில் பாயசம் வாளியோடு நிற்பவர் திரும்பிப் பார்ப்பார்.

“கம்மி பண்ணுங்கண்ணா, பாடகி மைக்ல எல்லாம் ஏறுது.”

“கம்மி பண்ணா இது தூங்கிடும் தம்பி.”

கடைசியில் கம்மிதான். அங்காளம்மாவைச் சுவரைப் பார்த்துத் திருப்பி, முன்னால் மண்டபத்து ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு வாசிப்பார். இத்தனை லட்சமும் எந்தக் கரகரப்புக்காகவோ, அது வரவேண்டிய இடத்துக்கு வால்யூம் குமிழ் ஒருநாளும் போய்ச் சேர்ந்ததில்லை.

ஒரு வரவேற்பில் பாட்டு நடுவே அங்காளம்மாவின் ஃப்யூஸ் போய்விட்டது. குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் ஆம்ப் ஒலியை நகலெடுக்கும் செங்கல் அளவு டிஜிட்டல் பெட்டி ஒன்றைக் கொடுத்தான். அண்ணா வேண்டாவெறுப்பாக மாட்டி வாசித்து முடித்தார். மாப்பிள்ளையின் சித்தப்பா மேடையேறி வந்து, “கிடார் பிரமாதம் சார்!” என்று கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் முதல் பாராட்டு. அண்ணா அன்று சாப்பிடாமலே கிளம்பினார்.

அந்தப் பெட்டிக்கும் வால்வுக்கும் வித்தியாசமே இல்லையா என்றால், இருக்கிறது. வால்யூம் கூட்டிய வால்வு ஆம்ப்பில் மெல்லத் தொட்டால் தெளிவாகப் பேசும், அழுத்தி மீட்டினால் உறுமும். விரலின் கோபதாபம் அத்தனையும் அதற்குத் தெரியும். ஆனால் அந்தச் சுகம் வாசிக்கிறவர் கையோடு நின்றுவிடுகிறது. நானூறு பேர் பேசிக்கொண்டே சாப்பிடும் மண்டபத்தில் அது யார் காதுக்கும் வந்து சேராது.

உங்கள் வீட்டு விசேஷத்துக்கு இவர் வந்தால் “சவுண்டு நல்லா இருந்துச்சு” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், புண்ணியமாகப் போகும். “உள்ளே என்ன வால்வு?” என்று மட்டும் சாப்பிடுவதற்கு முன்னால் கேட்டுவிடாதீர்கள். கடைசிப் பந்தியும் எழுந்துவிடும்.