லினக்ஸ் புகு படலம்: ரைட் கிளிக்கும் இல்லற அமைதியும் குறித்த ஓர் ஆய்வு

இஃது என் நுதலிற்றோ எனின், விண்டோஸ் ஓடிய வீட்டுக் கணினியில் லினக்ஸ் புகும்போது அவ்வீட்டில் மாறுவன எவை, மாறாதன எவை என உணர்த்துதல் நுதலிற்று. லினக்ஸின் உட்கருவாகிய கர்னலைப் பற்றி எழுதிக் குவித்தோர் பலர். கணினிக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில், முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தரைப் பற்றி எழுதினோர் அருகியே காணப்படுகின்றனர். அக்குறையை நிறைக்க வந்தது இக்கட்டுரை. அலுவலகக் கணினி இதன் எல்லைக்குப் புறம்பு. டாலி விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது; கணக்குப் பிரிவில் டாலி இருக்கும்வரை லினக்ஸைப் பற்றிப் பேச அங்கே யாருக்கும் நேரமில்லை.

முதற்கண் காலம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11-க்குப் போகலாமே என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும். இன்டெல் செயலியாக இருந்தால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது ஆகியிருக்க வேண்டும். 2016 தீபாவளித் தள்ளுபடியில் வாங்கிய கணினிக்கு இந்தத் தலைமுறைக் கணக்கு ஒத்துவராது. அது இன்றும் படம் காட்டுகிறது, மின்கட்டணம் கட்டுகிறது, ஜாதகம் கணிக்கிறது. ஆனாலும் தகுதியில்லை என்று சொல்லிவிட்டார்கள். நன்றாக வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதே தேதி குறித்து மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்ட அப்பாவுக்கு இந்த அநீதி உடனே விளங்கிவிடும். லினக்ஸுக்கு ஆதரவாக வீட்டில் விழும் முதல் வாக்கு பெரும்பாலும் இந்த அனுதாப வாக்குதான்.

அடுத்து மாந்தர். இவர்கள் மாற்றுநர், மாற்றப்படுவோர் என இரு திறத்தினர். மாற்றுநர் என்பவர் பண்டிகை விடுமுறைக்கு பென் டிரைவோடு ஊருக்கு வரும் மகனோ மருமகனோ ஆவார். மின்ட், உபுண்டு, டெபியன், ஃபெடோரா என்று வகைகள் நூற்றுக்கணக்கில் இருப்பதால் எதைப் போடுவது என்பதில் அவர் மாதக்கணக்காக யோசித்திருப்பார். மாற்றப்படுவோருக்கு அந்த யோசனை தெரியாது. பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிக் காட்டி, "பாருங்கப்பா, எல்லாம் அப்படியேதான் இருக்கு" என்பார் மகன். நிறுவுவதற்கு அரைமணி ஆகும். அதாவது வட்டில் நிறுவுவதற்கு.

"எதுக்கும் பழசும் இருக்கட்டும்" என்பார் கட்சியும் உண்டு. அவர்களுக்காக அமைந்தது டூயல் பூட். கணினியைப் போட்டதும் கறுப்புத் திரையில் இரண்டு பெயரும் வரும், வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். இல்லறச் சமரசத்தின் உச்சம் என்று தோன்றும் இந்த ஏற்பாட்டில் ஒரு சோதிடச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. மதர்போர்டில் பொத்தான் பேட்டரியின் தயவில் ஓடும் கடிகாரம் ஒன்று உண்டு. அது காட்டுவது உள்ளூர் நேரம் என்பது விண்டோஸின் கொள்கை. டாஸ் காலத்திலிருந்து வரும் வழக்கம். அது காட்டுவது உலகப் பொதுநேரம் என்பது லினக்ஸின் வழக்கம். லினக்ஸ் தன் கொள்கைப்படி கடிகாரத்தைத் திருத்தி வைத்துவிட்டுப் போக, அடுத்து எழும் விண்டோஸ் அதை அப்படியே நம்ப, நம் வீட்டு நேரம் சரியாக ஐந்தரை மணி பின்னுக்குப் போகும். லண்டனில் இருப்பவருக்குக் குளிர்காலத்தில் இந்த நோயே தெரியாது. அங்கே இரண்டு நேரமும் ஒன்று. நமக்கோ ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, இராகு காலம் நடந்துகொண்டிருக்கும்போது, திரையின் மூலை காலை 11.30 என்று சாதிக்கும். அதை நம்பிப் பெண் வீட்டாருக்கு ஜாதகத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிட்ட குடும்பத்தில் லினக்ஸுக்கு வக்காலத்து வாங்க யாரும் முன்வர மாட்டார்கள். டெர்மினலில் ஒரு வரிக் கட்டளை அடித்தால் தீரக்கூடிய பிரச்சினைதான். ஆனால் அதற்குள் மாற்றுநர் பெங்களூருக்குப் பேருந்து ஏறியிருப்பார்.

இதனால் ஒரு விதி பெறப்படும். மாற்றுநர் ஊரில் இருக்கும்வரை கணினி பழுதின்றி ஓடும். அவர் ஏறிய பேருந்து முதல் டோல்கேட்டைத் தாண்டியதும் முதல் ஐயம் எழும். இதற்கு இனமான இன்னொரு விதி: மாற்றத்துக்குப் பின் நிகழ்வன எல்லாம் மாற்றத்தால் நிகழ்ந்தனவே. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததைத் தர்க்க நூலார் தற்செயல் என்பர். வீட்டில் அந்த வாதம் எடுபடாது. இணையம் விட்டுவிட்டு வருகிறதா? லினக்ஸ். மவுஸில் பேட்டரி தீர்ந்ததா? அதுவும் லினக்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துத் தெரு முழுக்க மின்சாரம் போனபோதுகூட, ஒரு கணம், அந்த மேசையின் பக்கம் ஒரு பார்வை போய்த்தான் திரும்புகிறது.

இவ்விதிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு குடியிருப்போர் நலச்சங்கத்தின் ஆண்டறிக்கை. செயலாளர் அதை பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்புவார். யூனிகோடு பரவுவதற்கு முன் வந்த அந்த எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைக் குடியமர்த்தியிருந்தார்கள். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் குடியிருப்பவர் காணாமல்போய் வீட்டுக்காரரே வெளியே வந்து நிற்பார். மெய்யெழுத்துப் புள்ளி இருந்த இடமெல்லாம் அரைப்புள்ளியாய்ச் சிதறிக் கிடக்கும். இதில் லினக்ஸின் குற்றம் எள்ளளவும் இல்லை. பாமினி இல்லாத எந்த விண்டோஸிலும் இதே கோலம்தான். எழுத்துருக் கோப்பை எடுத்து அதற்குரிய அடைவில் போட்டால் அறிக்கை மறுபடி தமிழாகிவிடும். தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடை ஏற்று ஆணை பிறப்பித்துவிட்டது. செயலாளருக்கு அந்தத் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை. "உன் லினக்ஸுல தமிழே வரல" என்று அப்பா தொலைபேசியில் சொல்லும்போது இந்த வரலாறு முழுவதையும் அவருக்கு எடுத்துரைக்க எந்த மகனாலும் இயன்றதில்லை.

இனி பிரிண்டர். இவ்விடத்தில் ஆய்வு சற்று நின்று நிதானிக்க வேண்டும். ஏனெனில் லினக்ஸுக்குப் பின்னிருக்கும் கட்டற்ற மென்பொருள் இயக்கமே ஒரு பிரிண்டரில் பிறந்தது. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. அதில் காகிதம் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் எல்லோர் திரைக்கும் சேதி போகும்படி ஒரு மென்பொருள் எழுதலாம் என்று நினைத்தார் அங்கு வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன். பழைய பிரிண்டருக்கு அப்படித்தான் செய்திருந்தார். புதியதன் மூல நிரலைக் கேட்டபோது, தர மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன் என ஒருவர் கைவிரித்துவிட்டார். அந்தக் கசப்பு உள்ளே கிடந்தது. 1983-இல் ஸ்டால்மன் குனு என்னும் கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்தார். 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் பொழுதுபோக்காகத் தொடங்கிய கர்னல் அதனோடு சேர்ந்தது. ஆகக் காகிதம் சிக்கியதால் உண்டானது லினக்ஸ் உலகம். இத்தனை ஆண்டுகளாகியும் அந்தப் பிரிண்டர் இனம் பகையை மறக்கவில்லை என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

பகைக்கு அறிவியல் காரணமும் காட்டலாம். விலை மலிந்த பழைய லேசர் பிரிண்டர்கள் பலவற்றுக்குச் சொந்தப் புத்தி கிடையாது. பக்கத்தைப் புள்ளிகளாக வரைந்து தரும் வேலையைக் கணினியிலுள்ள டிரைவர் செய்ய வேண்டும். அச்சடிப்பது மட்டுமே பிரிண்டரின் பொறுப்பு. தயாரித்தவர் அந்த டிரைவரை விண்டோஸுக்கு மட்டும் ஒழுங்காக எழுதிவைத்தால் லினக்ஸில் அது மேசைமேல் இருக்கும் ஒரு வெள்ளைப் பெட்டி. அண்மைக் காலப் பிரிண்டர்கள் தனி டிரைவரே கேட்காமல் வைஃபையில் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்கின்றன. வீட்டில் இருப்பது அந்த வகை அன்று. அது ஒருபோதும் அந்த வகையாக இருப்பதில்லை.

வீட்டளவில் கண்டது நகரளவிலும் செல்லுமோ எனின், செல்லும். மியூனிக் நகரமே சான்று. 2003-இல் அந்நகராட்சி லினக்ஸை எண்ணிப் பார்த்தபோது மைக்ரோசாஃப்ட் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் தம் பனிச்சறுக்கு விடுமுறையை இடையில் நிறுத்திவிட்டு மேயரைப் பார்க்கப் போனார். பயனில்லை. நகராட்சி லினக்ஸையே தேர்ந்து, பத்தாண்டுகளில் 15,000-ஐ நெருங்கும் எண்ணிக்கையில் கணினிகளை மாற்றி முடித்தது. பிறகு 2017-இல் விண்டோஸுக்கே திரும்புவோம் என்று மன்றம் தீர்மானித்தது. 2020-இல் வந்த புதிய கூட்டணி, முடிந்தவரை திறமூல மென்பொருளே என்று மறுபடி எழுதிக்கொண்டது. மருமகன் போட்டுவிட்டுப் போனதை மகன் வந்து கழற்றுவதும், மகன் போனபின் பேரன் வந்து மறுபடி போடுவதும் நாம் அறியாததல்ல. மியூனிக்கில் இதற்குத் தீர்மானம், வாக்கெடுப்பு எல்லாம் உண்டு என்பதே வேற்றுமை.

ஈண்டு ஒரு மறுப்பு எழும். லினக்ஸ் என்றால் நம்மவர் இத்தனை அஞ்சுவானேன்? ஆண்ட்ராய்டு கைபேசியின் அடியில் இருப்பது லினக்ஸ் கர்னல்தானே? 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகளிலும் ஓடுவது லினக்ஸ்தானே? அப்பாவே காலையில் எழுந்ததும் லினக்ஸில்தானே குட் மார்னிங் அனுப்புகிறார்? உண்மை. ஆயின் கைபேசி அவர் விரலுக்கு வெறுந்தரையில் வந்தது. அங்கே மறக்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை. கேரளப் பள்ளிகள் 2000-களின் நடுப்பகுதியிலிருந்தே பிள்ளைகளை லினக்ஸில் உட்காரவைத்துப் பழக்கின. அங்கே யாரும் சி டிரைவைத் தேடி அழவில்லை. தமிழ்நாடு அரசு 2011 முதல் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. இரண்டும் வைத்தால் விரல் தெரிந்த பக்கமே போகும். லினக்ஸின் பென்குயின் பக்கம் எட்டிப் பாராமலே படிப்பை முடித்தவர்கள் ஏராளம்.

ஆக இயங்குதளம் முதலில் நிறுவப்படுவது விரலில். வட்டில் நிறுவுவதெல்லாம் அதன் நகல். இதுவே இக்கட்டுரையின் கோட்பாடு. மைக்ரோசாஃப்ட் இதை நம்மைவிட முன்பே அறிந்திருந்தது. 1990-இல் வந்த விண்டோஸ் 3.0-இல் சாலிடேர் சீட்டாட்டத்தைச் சேர்த்ததற்கு, மவுஸைப் பார்த்திராத தலைமுறைக்கு இழுத்துப் போடக் கற்றுக்கொடுப்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. சீட்டை இழுத்த விரல் கோப்பை இழுத்தது. லினக்ஸிலும் சாலிடேர் கிடைக்கும், எத்தனையோ வகையில். "இது அது இல்லையேப்பா" என்பார் அம்மா. சீட்டின் முதுகுப் படம் வேறு.

விரல்வழக்குகளுள் தலையாயது ரெஃப்ரெஷ். கணினி எழுந்ததும் வெற்றுத் திரையில் ரைட் கிளிக் செய்து ரெஃப்ரெஷ் என்பதைச் சில முறை, கை ஓயும்வரை அழுத்துவது நம் நாட்டில் கம்ப்யூட்டர் சென்டர் காலத்திலிருந்து வழிவழியாக வரும் கடன். கற்றுக்கொடுத்த ஆசிரியர் அப்படிச் செய்தார். அவருடைய ஆசிரியரும் அப்படித்தான். அதனால் கணினியின் வேகம் கூடுவதில்லை. திரையிலுள்ள ஐகான்கள் ஒருமுறை மறுபடி வரையப்படுகின்றன, அவ்வளவே. வேகம் கூடுவது அழுத்துபவர் மனத்தில். மின்ட்டில் ரைட் கிளிக் செய்தால் புதிய அடைவு வரும், பின்னணிப் படம் மாற்று வரும், டெர்மினலில் திற என்றுகூட வரும். ரெஃப்ரெஷ் வராது. முதல் நாள் காலை அப்பா மெனுவை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் படித்துவிட்டுத் தொலைபேசியை எடுப்பார். "டேய், எல்லாம் நல்லாதான்டா இருக்கு. ஆனா ரெஃப்ரெஷ் எங்கடா? சிஸ்டம் ஸ்லோவா இருக்கே." அந்தப் பழைய கணினி முன்பைவிட வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் நேரம் அது.

அப்பாவுக்கு இயங்குதளக் கோட்பாட்டை விளக்க முயன்ற மாற்றுநர்கள் தோற்றார்கள். இதற்கு மருந்து லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. மின்ட்டில் நெமோ என்னும் கோப்பு மேலாளருக்கு ரைட் கிளிக் மெனுவில் நாம் விரும்பும் வரியைச் சேர்த்துக்கொள்ள வழி உண்டு. சில வரிகள் கொண்ட சிறு கோப்பு ஒன்றை எழுதி உரிய அடைவில் வைத்தால் போதும். வரியின் பெயர்: ரெஃப்ரெஷ். அதை அழுத்தினால் ஓடவேண்டிய கட்டளை: ட்ரூ. யுனிக்ஸ் காலத்திலிருந்து வரும் இந்தக் கட்டளைக்கு உள்ள ஒரே பணி, எதுவும் செய்யாமல் இருந்துவிட்டு, வெற்றிகரமாக முடித்தேன் என்று அறிவிப்பது. மகன் தொலைவிலிருந்தே இணைப்பில் வந்து அந்தக் கோப்பை வைத்துவிட்டு, "இப்ப பாருங்கப்பா" என்றான். மறுமுனையில் மவுஸ் சொடுக்கும் சத்தம் கொஞ்ச நேரம் விடாமல் கேட்டது.

"ம்ம். இப்பதான்டா சிஸ்டம் ஃப்ரீயாச்சு" என்றார் அப்பா.