மூடாத குழாய்: தனிநபர் மௌனக் காட்சி குறித்த ஓர் ஆராய்ச்சி

நடிப்பு வகுப்பில், "வசனம் கிடையாது, துணைக்கு ஆள் கிடையாது, மூன்று நிமிடம் ஏதாவது செய்து காட்டு" என்று ஆசிரியர் சொல்லிவிட்டால் பாதிப் பேர் செத்துப்போகிறார்கள். மீதிப் பேர் பல் விளக்குகிறார்கள். இவ்விரண்டுக்கும் அப்பால் மௌனக் காட்சி என ஒன்று உண்டா என்பதே இவ்வாய்வின் பொருள்.

முதலில் சாவு வகை. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்று வகுத்து, ஒவ்வொன்றும் நான்கு காரணங்களால் பிறக்கும் என்று சொல்லி, கணக்கை 32 ஆக்கினார். அழுகைக்கு அவர் காட்டியவை இளிவு, இழவு, அசைவு, வறுமை. ஒரு காட்சிக்கு ஒன்று போதும் என்றே அவர் நினைத்திருப்பார். நம் மாணவர் தாராள மனத்தவர். முதலாளி திட்டுகிறார் (இளிவு). வீடு திரும்பினால் அம்மா இறந்துகிடக்கிறார் (இழவு). டாக்டரை அழைக்க ஓடும்போது நன்றாக இருந்த கால் ஒடிகிறது (அசைவு). சட்டைப் பையில் கைவிட்டால் காசில்லை (வறுமை). பிறகு விஷம். மீதி ஏழு மெய்ப்பாடுகளும் யாரும் கூப்பிடாமல் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கின்றன.

பல் விளக்கும் வகைதான் ஆராய்ச்சிக்கு உகந்தது. மாணவர் கொட்டாவி விட்டபடி எழுகிறார், குழாயைத் திறக்கிறார், விளக்குகிறார், கொப்பளிக்கிறார், முகம் துடைக்கிறார், ஆபீசுக்குக் கிளம்பிவிடுகிறார். குழாய் திறந்தே கிடக்கிறது. அடுத்து வருபவர் அதே இடத்தில் நின்று காதல் கடிதம் படிக்கிறார். நியாயமாகப் பார்த்தால் முழங்கால் அளவுத் தண்ணீரில் நிற்க வேண்டியவர். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற சென்னையிலா இது நடக்கிறது என்று ஆய்வாளர் வருந்துவது தவிர வேறு வழியில்லை.

டம்ளரின் நிலை இன்னும் மோசம். எடுக்கும்போது விரல்களுக்கு நடுவே டம்ளருக்கு உரிய இடைவெளி இருக்கும். உதட்டுக்குப் போவதற்குள் அது பென்சில் பருமனுக்குச் சுருங்கும். குடித்து முடித்ததும் கை விரிந்துவிடும்; டம்ளர் அந்தரத்தில் நிற்கும். பிறகு மாணவர் சற்றுமுன் தாமே துடைத்த மேசையின் ஊடாக நடந்து போவார். சித்தர்களுக்கு அடுத்து இந்தச் சித்தி கைவரப்பெற்றவர்கள் நடிப்பு மாணவர்களே.

இல்லாத டம்ளருக்கு இத்தனை கணக்கு வேண்டுமோ எனின், வேண்டும் என்க. ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் நடிப்புப் பயிற்சி நூல் 1936-இல் ஆங்கிலத்தில் வந்தது. அதில் ஒரு மாணவன் வெறுங்கையால் பணம் எண்ணுகிறான். கட்டின் முடிச்சை எப்படி அவிழ்த்தாய், நோட்டுகளை எப்படிச் சரிபார்த்தாய் என்று ஆசிரியர் குடைந்தெடுக்கிறார். அதே நூலில் மரியா என்ற மாணவி திரைச்சீலை மடிப்பில் செருகிய ஊசியைத் தேட வேண்டும். முதல் தடவை மேடை முழுக்க ஓடி, பதறி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உருக்கமாக நடிக்கிறாள். ஊசியை மட்டும் தேடவில்லை. கண்டுபிடிக்காவிட்டால் வகுப்பில் இடமில்லை என்றதும் ஒவ்வொரு மடிப்பாகப் புரட்டுகிறாள். நடிப்பு அப்போதுதான் தொடங்குகிறது.

எடைக்கும் இதே விதி. கூடியாட்டக் கலைஞர் வெறுங்கையால் கைலாய மலையைப் பெயர்த்தெடுக்கும்போது பார்ப்பவர் தோள் வலிக்கும். நம் வகுப்பில் சமையல் எரிவாயு சிலிண்டரைத் தலையணை தூக்குவதுபோல் தூக்குகிறார்கள். உள்ளே எரிவாயு மட்டும் 14.2 கிலோ; இரும்பையும் சேர்த்தால் 30 கிலோவை ஒட்டும்.

கைபேசிக்காரர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். காதில் கைவைத்து, வாயை மட்டும் அசைத்துக் குடும்பச் சண்டையையே போட்டு முடிப்பார்கள். அது மௌனக் காட்சி அன்று; ஒலி போன டிவி. மௌன நடிகர் தொலைபேசியை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு மெல் புரூக்ஸின் 1976-ஆம் ஆண்டு மௌனப் படமே சான்று. படம் முழுக்கக் காதில் விழும் ஒரே சொல் தொலைபேசியில் சொன்ன ஒரு "மாட்டேன்"தான். அதையும் சொன்னவர், வாய் திறக்காமலே உலகப்புகழ் பெற்ற மார்செல் மார்சோ.

இனித் தலையாய கேள்விக்கு வருவோம். காட்சியில் இருப்பவர் ஏன் பேசவில்லை? 'சார் பேசக் கூடாது என்றார்' என்பது மாணவரின் காரணம். பாத்திரத்தின் காரணம் ஆகாது. தனியாக இருப்பதால் என்பதும் அரைகுறைக் காரணமே. நம் ஊரில் தனியாக இருக்கும் மனிதர் மின்விசிறியையும் திட்டுவார். ஆகவே, வாய் திறந்தால் மாட்டிக்கொள்ளும் இடத்தில் ஆளைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பது என் துணிபு.

காட்டாக: மாமியார் வீடு, நள்ளிரவு. மாப்பிள்ளைக்குச் சர்க்கரை உண்டு. இரவில் முறுக்கே வேண்டாம் என்று மனைவியின் ஆணை. முறுக்கு சமையலறை அலமாரியின் மேல்தட்டில், எவர்சில்வர் சம்புடத்தில். மாமியார் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார். அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். மூடி இறுகியிருக்கிறது. வயிற்றோடு அணைத்துத் திருகினால் 'டப்' என்று திறக்கும். அந்த ஓசையை வேட்டி முனையால் பொத்த வேண்டும். முறுக்கு கைக்கு வந்த வேளையில் மின்சாரம் போய் மின்விசிறி நிற்கிறது. இதுவரை அந்த இரைச்சலை நம்பித்தான் வந்திருக்கிறார். இப்போது கடித்தால் தெரு முழுக்கக் கேட்கும். வாயில் வைத்து ஊறவிடுகிறார். மாமியார் இருமுகிறார். முழு முறுக்கு வாயில் இருக்க, மூச்சு விடுவதா வேண்டாமா என்ற தர்மசங்கடம். இங்கே அச்சமும் உவகையும் ஒரே கன்னத்தில் இருக்கின்றன. மூடி திறந்தபோது பெருமிதம் வந்து போயிற்று. விளக்கு எரிந்தால் இளிவரலும் வரும். வராந்தாவில் இருந்தவை ஒவ்வொன்றாக உள்ளே வரத் தொடங்கிவிட்டன. ஒரு துளிக் கண்ணீர்கூடச் செலவாகவில்லை.

சாவு வீட்டில் சிரிப்பு வந்தவர், தேர்வு அறையில் விக்கல் எடுத்தவர், தொட்டிலில் குழந்தையை அப்போதுதான் தூங்கவைத்துவிட்டுக் கொலுசோடு நகர்பவர் எல்லோரும் இக்குலத்தவரே.

ஓசை இல்லாமை வேறு, பேச்சு இல்லாமை வேறு என்பதையும் குறித்துவைக்க வேண்டும். சிங்கீதம் சீனிவாசராவின் 'பேசும் படம்' (1987) வசனமே இல்லாத படம். ஆனால் அதில் கமல்ஹாசனுக்குச் சொகுசு ஓட்டலின் அமைதியில் தூக்கம் பிடிப்பதில்லை. பழைய இரைச்சலை ஒலிநாடாவில் போட்டுக் கேட்டுத்தான் தூங்குகிறார். வசனம் எழுதியிருந்தால் 'எனக்குத் தூக்கம் வரவில்லை' என்று ஒரு வரியில் பாழாகியிருக்கும்.

எஞ்சியிருப்பது முடிவு. தொடங்கத் தெரிந்தவர்களுக்கும் நிறுத்தத் தெரிவதில்லை. சிலர் உறைந்து நிற்கிறார்கள். சிலர் சபையைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்து, "அவ்ளோதான் சார்" என்று மூன்று நிமிட மௌனத்தையும் கவிழ்க்கிறார்கள். செத்தவர்களின் சிக்கல் தனி. இறந்த பிறகு என்ன செய்வது என்று அவர்கள் ஒத்திகை பார்ப்பதில்லை. கைதட்டல் வரும்வரை தரையில் கிடக்கிறார்கள். காட்சி முடிந்ததா, சோகம் இன்னும் பாக்கி இருக்கிறதா என்று தெரியாமல் வகுப்பும் கைதட்டாமல் காத்திருக்கிறது. கடைசியில் ஆசிரியர்தான், "எழுந்திருப்பா, அடுத்த ஆள் சாக வேண்டாமா?" என்கிறார்.